பதினான்குக்குப் பதினான்கு

வெள்ளைக்கரட்டுக்கும் ஊமத்தம்பட்டிக்கும் நடந்த இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து மேலே போனது, இறங்கவில்லை. பந்தைப் பற்றிச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். மிச்சக் கதை முழுக்கக் கீழே நின்றவர்களைப் பற்றியது, அவர்களில் ஒருவர்கூட இன்னொருவரிடம் நல்லபடியாகப் பேசியதில்லை என்பதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை. அதில் தண்ணீர் போய்ப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை, ஆனாலும் அந்தத் தண்ணீருக்காக மண்டை உடைந்தவர்கள் இரண்டு ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். விளையாடினால் பகை தீரும் என்று யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் சொல்லி வாலிபால் வலையைக் கொண்டுவந்து கட்டினார். பகை தீரவில்லை, வலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர் என்று அதற்கு ஓர் ஒழுங்கு வந்தது, பார்ப்பதற்குச் சனம் வந்தது, கைதட்ட ஆள் வந்தது, கடைசியில் வருடத்துக்கு ஒரு கோப்பையும் வந்து சேர்ந்தது.

வெள்ளைக்கரட்டின் கோச் தவமணி பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், அதாவது பரீட்சை நெருங்கினால் தன் வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குத் தானம் செய்துவிட்டு வராந்தாவில் நிற்பவர். மாலையில் ஊர்க் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பார். முப்பது வருடமாக அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான்: "வீடு பத்தி எரிஞ்சாலும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே." ஊருக்கு அவர்மேல் இரண்டு மனக்குறை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு, ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், வீட்டுக்குப் போய்விடுவார் என்பது ஒன்று. அவர் மனைவி சின்னப்பேச்சிக்கு வெங்காயம் உரித்தால் கண் எரியும், ஆகையால் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பது அவர்தான், ஊரில் அவருக்கு வெங்காயக் கோச் என்றே பெயர். இரண்டாவது குறை பெரியது. சின்னப்பேச்சி ஊமத்தம்பட்டிக்காரி, அதிலும் ஊமத்தம்பட்டிக் குழுவின் கோச் ராசாங்கத்துக்குக் கூடப்பிறந்த தங்கை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுபாஷினி. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை வலையாக வைத்து அப்பாவிடம் சர்வீஸ் போடக் கற்றுக்கொண்டவள். ராசாங்கத்தின் மகன் விமல்ராஜுக்கு அவள் என்று தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள், வளர்ந்த பிறகு அவளும் சரியென்றாள், போட்டி முடிந்த கையோடு தையில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் முடிவாகியிருந்தது.

அந்தப் போட்டியில் கடைசி செட் பதினான்குக்குப் பதினான்கு என்று வந்தது. இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும் என்பதெல்லாம் உலகத்துக்கு எழுதிய விதி. இந்த இரண்டு ஊருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, அடுத்த பந்தே தீர்ப்பு. ஊமத்தம்பட்டி சர்வீஸ் போட்டது. வெள்ளைக்கரட்டின் பாலகுரு வலையோரம் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து எடுத்தான். பந்து வலைக்கு நேர் மேலே எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, செல்போன் கோபுரத்தின் பாதி உயரம் போய், அங்கே நின்றது.

பன்னிரண்டு பேரும் முழங்கால் மடக்கி, கையை நீட்டி, அண்ணாந்து நின்றார்கள். உயர நாற்காலியில் வாயில் விசிலோடு உட்கார்ந்திருந்த நடுவர் அற்புதராஜ், வெளியூர்க்காரர், கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர், பந்து தரையைத் தொடாமல் விசில் ஊதக் கூடாது என்பதால் ஊதவில்லை. சனம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "இது அவனுக செஞ்ச வேலை" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

விடிந்தபோதும் பந்து அங்கேயே இருந்தது. ஏணி கட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். எந்த ஊர்க்காரன் கை பட்டாலும் அந்த ஊர் தோற்றதாகும் என்று உடனே பேசி முடித்ததால் ஒருவரும் எடுக்கவில்லை. வட்டாட்சியர் ஜீப்பில் வந்து, அண்ணாந்து பார்த்து, தரையைத் தொடாத பொருள் வருவாய்த் துறையில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இரண்டு ஊரும், இரண்டு ஊருக்கும் தெரிந்த ஒரே வழியில், அதாவது எதிராளி என்ன செய்கிறானோ அதைவிட ஒரு கைப்பிடி அதிகமாகச் செய்வது என்ற வழியில், பந்தைத் தங்கள் வாழ்க்கைக்குள் சேர்த்துக்கொண்டன. ஆட்டக்காரர்களுக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து சோறு வந்தது, கோட்டுக்குள்ளேயே முறை வைத்துத் தூங்கினார்கள், மழை பெய்தால் நின்றபடி நனைந்தார்கள். நடுவருக்கு ஒரு வேளை இந்த ஊர்ச் சோறு, ஒரு வேளை அந்த ஊர்ச் சோறு. மருந்து வைத்திருப்பார்கள் என்று எதிர் ஊர்க்காரன் முதலில் ஒரு வாய் தின்று பார்ப்பான், அந்தப் பதவிக்கு இரண்டு ஊரிலும் போட்டி இருந்தது. யாரும் ஏமாற்றிவிடாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஊருக்கு நான்கு பேர் காவல் போட்டார்கள். ரோடு எப்போது வரும், கோயிலுக்கு எப்போது வெள்ளையடிப்பது, வேலிச் சண்டையை எப்போது பேசி முடிப்பது என்று எதைக் கேட்டாலும் "பந்து இறங்கட்டும்" என்பதே பதில் ஆனது. சுபாஷினியின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான், ஏனென்றால் மாப்பிள்ளை விமல்ராஜ் வலையோரத்தில் முழங்கால் மடக்கி நின்றுகொண்டிருந்தான்.

மாற்று ஆள் இறக்கி அவனை வெளியே கொண்டுவரலாமே என்று கேட்கத் தோன்றும். மனிதன் சாகும்வரை நிற்க முடியாது என்பதால், பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே மாற்று ஆள் இறக்கிக்கொள்ளலாம், நடுவர் கையசைத்தால் போதும் என்று முதல் வாரத்திலேயே இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டிருந்தன. ஆனால் மொத்தத்தில் ஊருக்கு ஆறு தடவைதான். ஊமத்தம்பட்டிக்காரர்கள் அத்தை மகள் சடங்கு, மாமன் வீட்டுக் காதுகுத்து என்று அந்த ஆறையும் ஆரம்பத்திலேயே தீர்த்துவிட்டார்கள். வெள்ளைக்கரட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தன் சொத்துபோலக் காத்தவர் விளையாட்டுக் கழகத் தலைவர் சங்கையா, அரிசி ஆலைக்காரர். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஆறரை அடி உயரத்தில் ஒருவனைக் கூட்டிவந்து, ஆலைக்குப் பின்னால் தங்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். பந்து அசைகிறதாகத் தெரிந்த நொடியில் அவனை இறக்குவது, அவன் ஓங்கி அடிப்பது, ஊமத்தம்பட்டி மண்ணைக் கவ்வுவது. ஊரே அந்த ஒரு நொடிக்காகச் சாப்பிட்டது, தூங்கியது.

பொங்கல் வந்தது, போனது, இன்னொரு பொங்கலும் வந்து போனது. பந்து யார் பக்கம் என்ற வழக்குக்கு மட்டும் ஓய்வில்லை. நம் ஊர்களில் வருடத்தில் பாதிக்கும் மேல் உச்சிச் சூரியன் சற்றுத் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும். சித்திரையில் ஒரு நாள் அது நேர் தலைக்கு மேல் வந்து, ஆவணி வரை வடக்கே நின்று, நிழலைத் தெற்கே தள்ளும். இதைப் பஞ்சாங்கக்காரர்கள் தவிர எவரும் கவனித்ததில்லை. பந்து தொங்க ஆரம்பித்த பிறகு கைக்குழந்தைக்கும் தெரிந்தது. நிழல் வடக்கே ஊமத்தம்பட்டிப் பக்கம் விழும் மாதங்களில் வெள்ளைக்கரடு வெடி போட்டது, தெற்கே விழும் மாதங்களில் ஊமத்தம்பட்டி வெடி போட்டது. நிழல் வலை மேலேயே விழும் சித்திரை நாளில் இரண்டு ஊரும் கம்போடு வந்தன.

இதில் ஒரு ஊரும் இல்லாமல் போனது தவமணி வீடுதான். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். "மச்சானுக்குச் சாடை காட்டித்தான் பந்தை நிறுத்தி வச்சிருக்கான்" என்று முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரே சொன்னார்கள். குழாயடியில் சின்னப்பேச்சியின் குடத்தை ஒருத்தி காலால் தள்ளினாள்.

"ஒங்க அண்ணன் ஊருல போயிப் பிடி."

"அங்க போனா ஒம் புருசன் ஊருல போயிப் பிடிங்காளுக" என்றாள் சின்னப்பேச்சி, குடத்தை நிமிர்த்திக்கொண்டு. "ரெண்டு ஊருக்கும் ஒரே வாயிதான். அதை மட்டும் எவளும் ஒத்துக்க மாட்டேங்கா."

கோச் வீட்டுச் சோறு என்று பாலகுருவுக்குத் தூக்குவாளி கொண்டுபோவது சுபாஷினி. அவள் எல்லைக் கோட்டில் வந்து நிற்பாள். வலைக்கு அந்தப் பக்கம் விமல்ராஜ் ஆகாயத்தைப் பார்த்தபடி பேசுவான்.

"மச்சான், தாடி சகிக்கல."

"செரைக்க வர்றவன் ஒங்க ஊர்க்காரன். கழுத்துக்கிட்டக் கத்திய விடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருச்சு."

"எப்பத்தான் வெளிய வரப்போற?"

"பந்து இறங்கட்டும்."

"இன்னொரு தடவை அதைச் சொன்னே, பல்லு இருக்காது." அவள் குரல் தணிந்தது. "நான் கட்டியிருக்கிற சேலை என்ன கலருன்னு சொல்லு பாப்போம்."

அவனுக்குத் தெரியாது. பந்து மேலே போன நாளிலிருந்து அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை எடுத்த நொடியில் பந்து இறங்கி அவன் பக்கம் விழுந்தால் ஊமத்தம்பட்டி அவனை உயிரோடு விடாது. அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள், ஒவ்வொரு நாளும் அவன் கழுத்தெலும்பைத்தான் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை தவமணி முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் வந்து குந்தினாள்.

"அப்பா, நம்ம பக்கம் ஒரு மாத்து ஆளு மிச்சம் இருக்குல்ல?"

"அது ஊருக்கு உள்ளது."

"இறக்குறது யாரு? சங்கையாப் பெரியப்பாவா, கோச்சா?"

"கோச்சு."

"அப்ப என்னைய இறக்குங்க."

தவமணி நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் நின்ற சின்னப்பேச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் வெளிய வர முடியாது. இவ உள்ள போகலாம். இத்தனை நாளா இது ஒங்க மண்டையில தோணலையாக்கும்."

"என்னையக் கொன்னு போட்டுருவாங்க பேச்சி."

"இப்ப மட்டும் மாலை போட்டா வச்சிருக்காங்க?"

அவர் அதற்குப் பிறகு ஒரு வெங்காயத்தைத் தோலுக்குள் தோலாக, உள்ளே ஒன்றுமே இல்லாத வரைக்கும் உரித்தார்.

நிழல் வலை மேல் விழும் சித்திரை நாள் வந்தது. இரண்டு ஊரும் கம்போடும் கல்லோடும் மைதானத்தைச் சுற்றி நின்றன. நடுப்பகலை ஒட்டி அபிஜித் முகூர்த்தம் என்று ஒன்று உண்டு, அதற்கு வேறு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்பது தவமணிக்குத் தெரிந்திருந்தது. பந்தின் நிழல் உருண்டையாக வலையின் கயிற்றில் வந்து உட்கார்ந்தபோது அவர் எழுந்து நின்று, முன்னங்கைகள் இரண்டையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டினார். மாற்று ஆள் கேட்கும் சைகை.

"பந்து அசையலையே!" என்று சங்கையா கத்தினார். "ஏ தவமணி, என்னா பண்ற? அவனைக் கூட்டியாங்கடா ஆலையிலிருந்து!"

வந்தது ஆறரை அடிக்காரன் அல்ல. அரக்கு நிறக் கூறைப்புடவை மேல் ஒன்பதாம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சுபாஷினி வந்தாள்.

கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தைகள் மட்டுமே கேட்டன; இரண்டு ஊரும் முதல்முறையாக ஒரே ஆளைத் திட்டின. பெண்ணை எப்படி இறக்கலாம் என்று நடுவரைப் பிடித்து உலுக்கினார்கள். அற்புதராஜ் விசிலைப் பல்லில் கடித்தபடியே, ஒப்பந்தம் பேசியபோது பெண்கள் கூடாது என்று இரண்டு ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, தோன்றாததற்கு நான் என்ன செய்ய என்று சொல்லி, கையை அசைத்துவிட்டார். பாலகுரு கோட்டைத் தாண்டி வெளியே வந்து, மண்ணில் மல்லாந்து படுத்து, சிரிக்க ஆரம்பித்தான்.

சின்னப்பேச்சி சுற்றிக்கொண்டு ஊமத்தம்பட்டிப் பக்கம் போனாள். ராசாங்கம் குறுக்கே வந்தார்.

"தாலியோட எங்க போற? எம் பயல் கண்ணை எடுத்தா ஊரு தோத்துரும்டி!"

"கையை எடு அண்ணே. ஒம் பயலுக்குத் தாடி மொளைச்சு நரைக்கப் போகுது, இன்னும் ஊராம் ஊரு." அவள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றபடி மஞ்சள் கயிற்றை அண்ணன் மகனின் கையில் திணித்தாள்.

அப்போது யாரோ ஒருவன், எந்த ஊர்க்காரன் என்பது இன்றுவரை தெரியவில்லை, வலையைப் பார்த்துக் கத்தினான்: "வலையில கை பட்டா பவுல்டா! பட்ட பக்கம் தோத்துச்சு!"

அது சரியான விதிதான். வலையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அதற்கு அடியில் கையை நீட்டலாம், தலையைக் குனியலாம், ஆனால் ஒரு நூல் அசைந்தாலும் ஆட்டம் போச்சு. சுபாஷினி பந்தை எடுக்கக் குனிகிற மாதிரி முழங்காலை மடக்கிக் கழுத்தை முன்னால் நீட்டினாள். விமல்ராஜ் அதே மாதிரி மடங்கி இரண்டு கையையும் வலைக்கு அடியில் நீட்டினான். நீட்டியவன் ஆகாயத்திலிருந்து கண்ணை இறக்கினான்.

"அரக்கு" என்றான்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே" என்றாள் அவள்.

வெள்ளைக்கரடு அவன் கை வலையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தது. ஊமத்தம்பட்டி அவள் கொண்டை வலையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தது. சங்கையா தரையில் ஒரு கையை ஊன்றிக் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். ராசாங்கம் மகனின் மணிக்கட்டைப் பார்த்தார். நடுவர் வலையைப் பார்ப்பது நடுவரின் கடமை என்பதால் வலையைப் பார்த்தார். மற்றப் பத்து ஆட்டக்காரர்களும் பார்த்தார்கள். பந்துக் காவலுக்கு நின்ற எட்டுப் பேரும், எதிர் ஊர் தோற்கும் நொடியைத் தவறவிட்டால் ஆயுசுக்கும் வருத்தம் என்று, பார்த்தார்கள். முதல் முடிச்சு விழுந்தது. வலை அசையவில்லை. இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது, மாற்று ஆள் தீர்ந்துபோனதால் உள்ளே வர நாத்தனாருக்கு வழியில்லை, அதையும் அவனே போட்டான். இரண்டு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தியிருந்த அந்த நேரத்தில், அண்ணாந்திருந்த கண் ஒன்றுகூட இல்லை.

தப் என்று ஒரு சத்தம்.

எல்லோரும் திரும்பியபோது பந்து துள்ளி முடித்து, மைதானத்துக்கு வெளியே, பாலகுரு சிரித்துக்கொண்டு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. அற்புதராஜ் விசிலை ஊதினார். இத்தனை காலம் வாயில் இருந்த எச்சிலும் துருவும்தான் முதலில் வந்தன, அப்புறம் சத்தம் வந்தது. ஊதி முடித்து, எந்தப் பக்கம் கையைக் காட்டுவது என்று தெரியாமல், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நான் வலையைப் பார்த்தேன்" என்றார். "வலை அசையவில்லை. அதுக்கு வேணா சத்தியம் பண்றேன்."

மண்ணில் தடம் தேடினார்கள். இத்தனை காலம் பன்னிரண்டு பேர் மிதித்த மண் அது. காவல்காரர்களைக் கேட்டார்கள், அடித்தும் கேட்டார்கள். முதல் கல் யார் எறிந்தது என்பதும் அடுத்த வழக்கானது. அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் சங்கையா தவமணியின் சட்டையைப் பிடித்தார். ராசாங்கம் இன்னொரு பக்கம் பிடித்தார். இரண்டு ஊரும் சுற்றி நின்றன.

"நீ பாத்திருப்ப" என்றார் சங்கையா. "முப்பது வருசமா எங்க பிள்ளைகளுக்கு நீ சொன்னது அது ஒண்ணுதான். வீடு பத்தி எரிஞ்சாலும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதேன்னு. கோச்சு கண்ணு பந்தை விட்டு நகராது. சொல்லு, எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"நான் எம் மகளைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் தவமணி.

அவர்கள் நம்பவில்லை. வெள்ளைக்கரடு அவர் ஊமத்தம்பட்டிக்காக மறைக்கிறார் என்றது, ஊமத்தம்பட்டி அவர் வெள்ளைக்கரட்டுக்காக மறைக்கிறார் என்றது, கடைசியில் இரண்டு ஊரும் ஓடையின் நடுவில் கூடி உட்கார்ந்து, நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரே குரலில், அவரைத் தள்ளி வைத்தன. அவருடைய கோச் விசிலையும் பிடுங்கிக்கொண்டார்கள். கோப்பை ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது, சாவி இரண்டாக அறுக்கப்பட்டு ஊருக்குப் பாதியாகப் போனது. ஆறரை அடிக்காரன் ஆலையில் மூட்டை தூக்குகிறான். பந்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. சின்னப்பேச்சி அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். இப்போது அது சுபாஷினியின் பெண் குழந்தை உருட்டி விளையாடக் கிடக்கிறது. மேலே போட்டால் ஒழுங்காகக் கீழே வருகிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள் ராசாங்கம் பேத்தியைப் பார்க்கிற சாக்கில் வந்தார். முற்றத்தில் தவமணி எதிரில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரித்துக்கொண்டே, சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயத்தால்தான்.

"மாப்ள. இப்ப இங்க யாரும் இல்ல. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், எம் பிள்ளை மேல சத்தியம். ஒரு வார்த்தை. எந்தப் பக்கம்?"

தவமணி கையில் இருந்ததை முறத்தில் போட்டார். குழந்தை பந்தை அவர் முழங்காலில் மோதவிட்டுவிட்டு ஓடியது.

"மூணாவது முடிச்சு போடுறப்ப ஒங்க மகன் கை நடுங்குச்சு மச்சான்" என்றார். "முடிச்சு கொஞ்சம் இடப்பக்கமா விழுந்துச்சு."

ராசாங்கம் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று வெகுநேரம் காத்திருந்தார்.